சிகரெட் அட்டைக்குள் சிறைப்பட்ட முகங்கள்

மலர்க் குழு நண்பர் போன் செய்தார். "நீ ஹிஸ்டரி ஆளு. எல்லாரும் ஹாஸ்டல் கதையே எழுதிக் கொடுக்கிறாங்க. நீயாவது ஏதாவது சரித்திரமா எழுதுப்பா" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் ஹாஸ்டல் கதை இல்லாமல் எனக்கும் எழுத வராது என்பது பேனாவை எடுத்த பிறகுதான் தெரிந்தது. ஆகவே இது இரண்டும் கலந்த கட்டுரை. நண்பர்கள் பொறுத்தருள்க.

1970 முதல் 1973 வரை நம் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தவன் நான். அதற்கு முன்னால், அரை டிராயர் போட்ட நாட்களில், எங்கள் தெருவில் சிகரெட் அட்டை விளையாட்டு ஒன்று உண்டு. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். காலிப் பெட்டியின் மேல் அட்டையைக் கிழித்துச் சேர்த்து வைப்போம். சார்மினாருக்கு ஒரு மதிப்பு, சிசர்சுக்கு ஒரு மதிப்பு. வெளிநாட்டுப் பெட்டி ஒன்று கிடைத்துவிட்டால் அன்று முழுவதும் அவன்தான் ஜமீன்தார். பஸ் ஸ்டாண்டில் சிகரெட் பிடிக்கும் பெரியவர்களின் பின்னாலேயே, பெட்டி எப்போது காலியாகும் என்று அலைந்திருக்கிறோம். அப்பாவிடம் அடியும் வாங்கியிருக்கிறேன்.

உலகத்தில் நாங்கள்தான் இந்த வேலையைச் செய்தோம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு உடைந்தது, மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனபோது. அவள் இருப்பது வட கரோலினா மாநிலத்தில், டர்ஹாம் என்னும் ஊர்ப் பக்கம். புகையிலையால் பிழைத்த ஊர் அது. பழைய சிகரெட் ஆலைக் கட்டடங்கள் இன்று அலுவலகங்களாகவும் ஓட்டல்களாகவும் மாறிவிட்டன. 'லக்கி ஸ்டிரைக்' என்று எழுதிய புகைபோக்கி மட்டும் நிற்கிறது.

அந்த ஊரில்தான் டியூக் பல்கலைக்கழகம் இருக்கிறது. தேவாலயத்துக்கு முன்னால் அதன் பெரும் புரவலர் ஜேம்ஸ் புக்கானன் டியூக்கின் சிலை. கையில் ஒரு சுருட்டு! கல்விச் சாலை வாசலில் சுருட்டோடு ஒரு சிலையா என்று எனக்கு முதலில் கொஞ்சம் திகைப்பு. "அப்பா, இந்த யூனிவர்சிட்டியே சிகரெட் காசுப்பா" என்றாள் மகள்.

அங்குள்ள நூலகத்தின் அரிய ஆவணப் பிரிவில் டியூக் கம்பெனியின் பழைய விளம்பரப் பொருள்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பேனாவை வெளியில் வைத்துவிட்டு, பென்சிலோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே சிகரெட் அட்டைகள். எங்கள் தெரு அட்டைகளின் பாட்டன், முப்பாட்டன்! ஆனால் இவற்றில் இருந்தவை வெறும் எழுத்துகளல்ல, முகங்கள். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்திய நாடக மேடைப் பெண்களின் முகங்கள்.

அட்டை வந்த வழி

அந்தக் காலத்துச் சிகரெட் பெட்டி மெல்லிய காகிதப் பொட்டலம். சட்டைப் பையில் வைத்தால் சிகரெட் நசுங்கிப்போகும். நசுங்காமலிருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். அளவு சுமார் ஒன்றரை அங்குலத்துக்கு இரண்டே முக்கால் அங்குலம். 'சும்மா இருக்கும் அட்டையில் ஒரு படம் போட்டால் என்ன?' என்று யாருக்கோ தோன்றியது. அவ்வளவுதான். நம்மூர் வியாபாரி எண்ணெய்ப் புட்டிக்கு ஸ்பூன் இலவசம் கொடுக்கிற மாதிரிதான்.

நியூயார்க்கில் தாமஸ் ஹால் என்பவர் 1879, 1880 வாக்கிலேயே இத்தகைய அட்டைகளைப் போட்டுவிட்டார். அவருடைய ஒரு சரக்கின் பெயர் 'பிட்வீன் தி ஆக்ட்ஸ்'. நாடகத்தில் இரண்டு அங்கங்களுக்கு இடையே விடும் இடைவேளையைக் குறிக்கும் பெயர். நாடகக் கொட்டகையின் இடைவேளையில் வெளியே வந்து அவசரமாக ஊதிவிட்டுப் போகும் ஆட்களுக்கென்றே வைத்த பெயர். நாடகத்துக்கும் சிகரெட்டுக்கும் சம்பந்தம் அப்படித் தொடங்கியது.

பிறகு வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்ட் நகரத்து ஆலன் அண்ட் ஜின்டர் கம்பெனி வண்ண வண்ணமாக அட்டைகள் போட்டது. பறவை, கொடி, குத்துச்சண்டை வீரர், துப்பாக்கி சுடும் ஆனி ஓக்லி என்று ஒரு சந்தையையே அட்டைக்குள் அடக்கினார்கள். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி திரும்பத் திரும்ப வந்தது ஒரே வரிசை: 'நடிகைகள்'.

இயந்திரம் செய்த வேலை

ஏன் நடிகைகள்? இங்கேதான் வரலாற்று மாணவன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வெறும் ஆசை மட்டும் காரணமல்ல. பின்னால் ஒரு இயந்திரம் இருக்கிறது.

1870களில் சிகரெட் கையால்தான் உருட்டப்பட்டது. கைதேர்ந்த தொழிலாளி நிமிடத்துக்கு நாலு சிகரெட் உருட்டுவார். ரிச்மண்டில் இளம்பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உருட்டினார்கள். டர்ஹாமில் டியூக் குடும்பம், நியூயார்க்கிலிருந்து யூத அகதித் தொழிலாளர்களை 1881-இல் வரவழைத்தது. சிகரெட் உருட்ட ஒரு நல்ல இயந்திரம் செய்து தருபவருக்கு 75,000 டாலர் பரிசு என்று ஆலன் அண்ட் ஜின்டர் அறிவித்திருந்தது. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் பான்சாக் என்ற இளைஞர் செய்து காட்டினார். 1881-இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் பரிசு அறிவித்த கம்பெனியே அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. ஒதுக்கியதை எடுத்துக்கொண்டவர், கையில் சுருட்டோடு நிற்கும் நம் சிலை மனிதர். 1884-இல் டியூக்கின் ஆலையில் அந்த இயந்திரம் ஒரு நாளைக்கு 1,20,000 சிகரெட் உருட்டித் தள்ளியது!

நாளைக்கு லட்சத்து இருபதாயிரம் சிகரெட்டை யார் பிடிப்பது? அதுவரை மெல்லும் புகையிலையும் பைப்பும் சுருட்டும்தான் அமெரிக்க ஆண்களுக்குப் பழக்கம். சிகரெட்டை ஒரு பொடிப்பயல் சமாசாரமாகத்தான் பார்த்தார்கள். ஆள் பிடிக்க வேண்டும். அதற்கு முகம் வேண்டும். 1889-ஆம் ஆண்டு மட்டும் டியூக் கம்பெனி விளம்பரத்துக்குச் செலவிட்ட தொகை சுமார் 8 லட்சம் டாலர் என்று வணிக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இயந்திரம் கொட்டியதை விற்றுக் கொடுத்தவர்களில் அந்த மேடைப் பெண்களும் உண்டு. அவர்களுக்குத் தெரிந்தும், தெரியாமலும்.

தெரிந்து நடந்ததற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். டியூக்கின் விற்பனையாளர் எட்வர்ட் ஸ்மால் 1884 வாக்கில் அட்லாண்டா நகரத்துக்குப் போனார். அங்கே அப்போது பிரபலமாக இருந்த பிரெஞ்சு நடிகை மேடம் ரியா. அவரிடம் அனுமதி கேட்டு வாங்கி, அவர் கையில் டியூக் சிகரெட் இருப்பது போலப் படம் அச்சிட்டார். சரக்கு பிய்த்துக்கொண்டு போயிற்று. கேட்டு வாங்கினார் என்பதைக் கவனியுங்கள். எல்லாரும் கேட்கவில்லை.

முகம் யாருக்குச் சொந்தம்?

அக்காலத்தில் நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். நாடக உலகமே அவர் ஸ்டூடியோவுக்குப் படியேறியது. பெரிய நட்சத்திரங்களுக்குப் பெருந்தொகை கொடுத்துப் படம் எடுத்து, அந்தப் படங்களை விற்கும் உரிமையைத் தானே வைத்துக்கொள்வார். சாரா பெர்ன்ஹார்டுக்கு 1,500 டாலர், லில்லி லாங்ட்ரிக்கு 5,000 டாலர் கொடுத்தாராம்.

1882-இல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டை சரோனி எடுத்த படத்தை ஓர் அச்சகம் கேட்காமலே 85,000 பிரதி அடித்துவிட்டது. சரோனி வழக்குப் போட்டார். 'படம் பிடிப்பது இயந்திரம்தானே, இதில் என்ன படைப்பு?' என்றது எதிர்த்தரப்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1884-இல் சரோனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. உட்காரவைத்த விதம், ஒளி, உடை, முகபாவம் எல்லாம் புகைப்படக்காரரின் கற்பனை. ஆகவே அவரே ஆசிரியர் என்றது.

நியாயமான தீர்ப்புதான். ஆனால் ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. படம் புகைப்படக்காரருடையது, சரி. முகம் யாருடையது?

அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் மரியன் மனோலா என்ற மேடைப் பாடகி. 1890 ஜூன் மாதம், நியூயார்க் பிராட்வே தியேட்டரில் ஓர் இசை நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். பாத்திரத்துக்காக உடலோடு ஒட்டிய 'டைட்ஸ்' அணிய வேண்டும். அதை அணிந்து படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே, பக்கத்து இருக்கையறையிலிருந்து பளீரென்று ஒரு வெளிச்சம். ஆளறியாமல் படம் எடுத்துவிட்டார்கள். மனோலா நீதிமன்றம் போய், அந்தப் படத்தை வெளியிடத் தடை வாங்கினார்.

'மேடையில் ஆயிரம் பேர் முன்னால் அணிகிற உடைதானே, படத்துக்கு மட்டும் என்ன வந்தது?' என்று ஒருவர் கேட்கலாம். அன்றும் கேட்டார்கள். ஆனால் மேடையில் அது பாத்திரம். பாட்டோடும் கதையோடும் வரும், திரை விழுந்தால் மறையும். அட்டையில் அது வெறும் உடம்பு. யார் சட்டைப் பையிலும் கிடக்கும். இந்த வித்தியாசம் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் வாரன், பிராண்டைஸ் என்ற இரு வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் 'அந்தரங்க உரிமை' பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மனோலா வழக்கு அதில் எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் சட்டம் சுலபமாக அசையவில்லை. தன் படத்தைக் கேட்காமலே மாவு விளம்பரத்தில் போட்டதற்காக ஓர் இளம்பெண் தொடுத்த வழக்கை, நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1902-இல் ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் தள்ளுபடி செய்தது. ஊரே கொதித்தது. 1903-இல் நியூயார்க் சட்டமன்றமே சட்டம் போட்டது. எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ஒருவர் பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

இந்தக் கதை நம் வாசல் வரைக்கும் வந்திருக்கிறது. 1994-இல் நக்கீரன் ஆசிரியர் தொடுத்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், சம்மதமின்றி ஒருவரின் பெயரையோ உருவத்தையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. கையில் செல்போனோடு யாரைப் பார்த்தாலும் 'கிளிக்' செய்கிற இன்றைய மாணவச் செல்வங்கள், மரியன் மனோலாவை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் அப்பாவின் கடிதம்

டியூக்கின் தகப்பனார் வாஷிங்டன் டியூக் பக்தியுள்ள பெரியவர். 1894-இல் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த ஆபாசப் படங்களைச் சிகரெட்டோடு அனுப்புவது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், நிறுத்து என்பது அதன் சாரம். அட்டைக்காகச் சிறுவர்கள் அலைந்தது அங்கேயும் நடந்திருக்கிறது! அதற்குள் 1890-இல் மகன் ஐந்து பெரிய கம்பெனிகளைச் சேர்த்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஆக்கிவிட்டார். போட்டி போனதும் அட்டைக்கும் பழைய தேவை போயிற்று. படங்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. தர்மத்தைவிடக் கணக்குப் புத்தகம் வேகமாக வேலை செய்தது என்று சொல்லலாமா?

அந்தப் பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன். 1896-இல் டர்ஹாமிலிருந்த டிரினிட்டி கல்லூரிக்கு அவர் ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். ஒரு நிபந்தனை விதித்தார்: ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்க்க வேண்டும். அந்தக் கல்லூரிதான் 1924-இல், மகன் ஏற்படுத்திய நாலு கோடி டாலர் அறக்கட்டளையால், டியூக் பல்கலைக்கழகம் ஆயிற்று. பெண்களின் படத்தை விற்றுச் சேர்ந்த காசில் ஒரு பங்கு, பெண்களின் படிப்புக்குப் போயிருக்கிறது. வரலாறு இப்படித்தான். நல்லது கெட்டது என்று தனித்தனி டப்பாவில் போட்டு வைக்க முடியாது. அந்தச் சிகரெட் எத்தனை கோடிப் பேரின் உயிரைக் குடித்தது என்பதும் அதே கணக்கில் சேரும்.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்தியது. தகப்பனார் கவலைப்பட்டது படம் பார்த்த பையன்களைப் பற்றி. படத்தில் இருந்த பெண்களைப் பற்றி யாரும் கடிதம் எழுதவில்லை.

பெயர் எங்கே?

அந்தப் பெட்டியிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிலவற்றில் பெயர் அச்சிட்டிருந்தது. லில்லியன் ரஸ்ஸல் போன்றவர்களை உலகம் மறக்கவில்லை. பனிக்காலத்தில் டைட்ஸ் அணிந்தால் உடம்புக்கு ஆகாது என்று நாடகத்தை விட்டு விலகி, மானேஜர் தொடுத்த வழக்கைச் சந்தித்த நடிகை அவர். பின்னாளில் பெண்கள் வாக்குரிமைக்காகவும் பேசியவர்.

பல அட்டைகளில் பெயரே இல்லை. வைக்கோல் தொப்பியோடு ஒரு பெண், வரைந்த தோட்டத்துக்கு முன்னால் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். பதினெட்டு வயது இருக்கலாம். அட்டையில் சிகரெட்டின் பெயர் தெளிவாக இருக்கிறது. அவள் பெயர் இல்லை. வீடுவீடாய், ஊர்ஊராய்ப் போன முகம் அது. பெயர் மட்டும் கூடப் போகவில்லை.

இவையாவது பிழைத்ததற்கு ஒரு மனிதர் காரணம். நியூயார்க் மாநிலம் சிராக்கியூஸ் நகரில் ஜெபர்சன் பர்டிக் என்று ஒரு தொழிலாளி இருந்தார். மூட்டுவாதத்தால் கை கால்கள் முடங்கிக்கொண்டே வந்தன. மற்றவர்கள் குப்பை என்று எறிந்த அட்டைகளை வாழ்நாளெல்லாம் சேர்த்தார். பட்டியல் போட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு அவர் வைத்த 'என்' என்ற எழுத்தைத்தான் இன்றும் உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவற்றை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்குக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து, மடங்காத விரல்களால் ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் கண்ணை மூடினார். அவராலும் பெயர் தெரியாதவர்களுக்குப் பெயர் கொடுக்க முடியவில்லை. பட்டியலில் அவர்கள் 'நடிகை, குடையுடன்', 'நடிகை, சுவரில் சாய்ந்தபடி' என்கிற மாதிரிதான் இருக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் பீரோவைத் திறந்து, நமது 1973 குரூப் போட்டோவை எடுத்தேன். உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும். நடுவில் பிரின்ஸிபால், இரு பக்கமும் பேராசிரியர்கள், பின்னால் பெஞ்சு மேல் நாம். கீழே அழகாக, 'நிற்பவர்கள் இடமிருந்து வலம்' என்று பெயர்கள். என் பெயரும் இனிஷியலோடு இருக்கிறது. வலது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், தோளில் துண்டோடு ஒருவர் நிற்கிறார். ஹாஸ்டல் மெஸ் மாஸ்டர். "மாஸ்டர், நீங்களும் வாங்க!" என்று நாம்தான் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினோம். மூன்று வருடம் நமக்குச் சோறு போட்ட மனிதர். பரீட்சை நாட்களில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் டீ போட்டுக் கொடுத்தவர். கீழே உள்ள வரிசையில் அவர் பெயர் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டோம். மூன்று வருடம்!

அறைத் தோழர் இருவருக்குப் போன் போட்டேன். "மாஸ்டர்தாண்டா... பேரு... இரு, யோசிக்கிறேன்" என்றார் ஒருவர். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பழைய மாணவ நண்பர்களே, அதனால் இந்த மலர் வழியாக ஒரு வேண்டுகோள். மாஸ்டரின் பெயரோ ஊரோ பிள்ளைகளோ தெரிந்தவர்கள், ஒன்றுகூடல் அன்று காலை வரவேற்பு மேஜையில் எழுதிக் கொடுங்கள். நூலகத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தின் கீழே அவர் பெயரையும் சேர்த்துவிடலாம்.

இன்றைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் எங்களைவிட ஆயிரம் மடங்கு அதிகமாகப் படம் எடுக்கிறீர்கள். எடுக்கும் முன் ஒருமுறை கேளுங்கள். எடுத்த பின், யார் என்று எழுதி வையுங்கள். வாட்ச்மேன், லேப் அட்டெண்டர், கூட்டுகிற அம்மா உட்பட.

என் பங்குக்கு ஒன்று செய்துவிட்டேன். என் வீட்டு ஆல்பத்தை எடுத்து வைத்து, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுபதைத் தாண்டியவனுக்கு இதைவிட அவசரமான வேலை வேறு கிடையாது. நேரில் சந்திப்போம்.